மரங்களுக்குப் பெயரிட்ட பள்ளி

 

ஒரு பள்ளிக்கூடத்தின் பெருமையை அறிய வேண்டுமானால் எங்கே பார்ப்பது? தலைமை ஆசிரியரின் அறையில் கண்ணாடிப் பேழை ஒன்று இருக்கும்; அதனுள் மங்கிப்போன வெள்ளிக் கோப்பைகள் அடுக்கப்பட்டிருக்கும். சுவரில், தேர்வில் முதன்மை பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் தொங்கும். வாயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லைப் பதித்திருப்பார்கள். நம் நாட்டில் இதுவே வழக்கம். கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்ய நாட்டின் மேட்டுநிலத்தில் உள்ள ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியிலோ, பெருமையைக் காண வேண்டுமானால் அறையை விட்டு வெளியே வந்து மரங்களைப் பார்க்க வேண்டும். அப்பள்ளியோடு தொடர்புடையவர்களாய் உலக அரங்கில் ஓடி வென்றவர்களின் பெயரால் அங்கே மரங்கள் நடப்பட்டிருக்கின்றன. மரத்தருகே பெயர்ப்பலகையும் உண்டு.

அப்பள்ளியின் பெயர் புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளி. ஊரின் பெயர் இட்டென். இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இரண்டுக்கும் ஒலியில் மட்டுமே உறவு. 1883-ஆம் ஆண்டில் அவ்வழியே சென்ற ஜோசப் தாம்சன் என்னும் வெள்ளையர், தாம் கண்ட குன்றுகளுக்கு எண்ணிட்டுச் சென்றார் என்றும், 'ஹில் டென்', அதாவது பத்தாம் குன்று, என்று அவர் குறித்ததே மக்கள் நாவில் இட்டென் ஆயிற்று என்றும் ஒரு வழக்கு உண்டு. ஒரு குன்றின் வரிசை எண்ணே ஊர்ப்பெயராக நின்றுவிட்டது என்பது எனக்குப் பிடித்த செய்தி. நான் புவியியல் ஆசிரியன். ஊர்ப்பெயர் என்றால் சற்றே நின்றுவிடுவேன்.

இட்டென் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அதனினும் சிறிது உயர்ந்த இடம் என்று கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை தூரங்கூட இல்லை. ஆயினும் காலையில் கம்பளிச் சட்டை வேண்டும். ஊரின் கிழக்கு விளிம்பில் நிலம் திடீரென்று அறுந்து, ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே கேரியோ பள்ளத்தாக்கில் இறங்குகிறது. செம்மண் பாதைகள், மக்காச்சோளக் கொல்லைகள், இடையிடையே மேயும் மாடுகள். இவ்வூரின் நுழைவாயில் வளைவில் 'சாம்பியன்களின் இல்லம்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அங்குச் சென்றவன் அல்லன். நூல்களிலும் படக்காட்சிகளிலும் கண்டும், பல்லாண்டு அதனைப் பற்றியே எண்ணியும் வந்தவன். ஏன் அப்படி எண்ணினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளியின் கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. கத்தோலிக்கர்கள் கல்வியிலும் வழிபாட்டிலும் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டிருந்த நாடு அது. அங்கே டல்லோ என்னும் ஊரில் 1808-ஆம் ஆண்டு டேனியல் டெலானி என்னும் ஆயர், ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் நோக்குடன் ஒரு துறவற சபையை நிறுவினார். இச்சபையினர் குருமார் அல்லர், சகோதரர்கள். பூசை நிறைவேற்றுவது அவர்கள் பணி அன்று; பாடம் சொல்லிக் கொடுப்பதே பணி. சென்னை அடையாற்றில் புனித பேட்ரிக் பெயரால் விளங்கும் பழைய பள்ளியை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கு வந்து சேர்ந்தவர்கள் இச்சபையினரே. ஆகவே அடையாறும் இட்டெனும் ஒரு வகையில் உறவினர் ஊர்கள்.

1961-ஆம் ஆண்டு இட்டென் பள்ளி தோன்றியது. அப்போது கென்யா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1963 டிசம்பர் 12-ஆம் நாள்தான் விடுதலை பெற்றது. சுற்றுவட்டாரத்தில் வாழும் கலென்ஜின் மக்களின் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கலாயினர். மாடு வளர்ப்பும் வேளாண்மையும் அறிந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பள்ளி தொடங்கிய சில ஆண்டுகளில் அந்நாட்டு ஓட்டக்காரர்களின் பெயர் உலகில் ஒலிக்கத் தொடங்கியது. 1964-இல் டோக்கியோவில் வில்சன் கிப்ருகுட் 800 மீட்டரில் வெண்கலம் பெற்றார். கென்யாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. 1968-இல் மெக்சிகோ நகரில் கிப் கெய்னோ, நப்தாலி தெமு, அமோஸ் பிவோட் ஆகிய மூவரும் தங்கம் வென்றனர். இவர்கள் புனித பேட்ரிக் மாணவர்கள் அல்லர். ஆனால் இச்செய்திகள் எட்டிய பள்ளி விடுதிகளில் எத்தனைச் சிறுவர்கள் இரவில் உறக்கம் இழந்திருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அச்சிறுவர்களில் ஒருவர் மைக் பாய்ட். புனித பேட்ரிக் பள்ளி உலகுக்கு அளித்த முதல் பெரும் ஓட்டக்காரர் அவரே. 1972-இல் மியூனிக்கில் 800 மீட்டரில் வெண்கலம் பெற்றார். 400 மீட்டர் இறுதிப் போட்டியிலும் ஓடி நான்காவதாக வந்தார். அடுத்த ஒலிம்பிக்கில் அவர் தங்கத்துக்கே போட்டியிடுவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். 1976-இல் மாண்ட்ரியாலில் போட்டி வந்தது. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவுக்கு நியூசிலாந்தின் ரக்பி அணி ஆடச் சென்றதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் பலவும் விலகின; கென்யாவும் விலகியது. 800 மீட்டரில் கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவாந்தொரேனா வென்றார். பாய்ட் ஓடவில்லை. 1980-இல் மாஸ்கோ, அதையும் கென்யா புறக்கணித்தது. ஓட்டக்காரனுக்கு வயது காத்திருக்காது. வெல்லக்கூடிய வயதில் இரண்டு ஒலிம்பிக்குகள், அவர் செய்யாத ஒரு குற்றமும் இல்லாமலே, கையை விட்டுப் போயின. புறக்கணிப்பு நியாயமானதே என்பது என் கருத்து. எனினும் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் நாம் மறக்கலாகாது. பாய்ட் அமெரிக்காவில் தொடர்ந்து படித்தார். முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பிக் கென்யாட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பள்ளி அவருக்குக் கால்களை மட்டும் பழக்கவில்லை என்பது தெளிவு.

அதே 1976-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து ஓர் இளைஞர் இட்டென் வந்து சேர்ந்தார். பெயர், அருட்சகோதரர் கோல்ம் ஓகானல். கார்க் மாவட்டத்தவர். அவர் வந்தது புவியியல் கற்பிக்க. சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்புவதாகவே எண்ணம். அப்போது பள்ளியில் ஓட்டப் பயிற்சியைக் கவனித்து வந்தவர் பீட்டர் ஃபாஸ்டர் என்னும் ஆங்கிலேயர். அவ்வாண்டு மாண்ட்ரியாலில் 10,000 மீட்டரில் வெண்கலம் பெற்ற பிரெண்டன் ஃபாஸ்டரின் உடன்பிறந்தார். புதிதாக வந்த புவியியல் ஆசிரியரை அவர் தம்முடன் திடலுக்கு அழைத்துக்கொண்டார். சில திங்களில் ஃபாஸ்டர் தாய்நாடு திரும்ப, பொறுப்பு கோல்ம் தலையில் விழுந்தது.

கோல்ம் ஓட்டக்காரர் அல்லர். பயிற்றுநருக்குரிய படிப்பு எதுவும் படித்தவர் அல்லர். ஒரு பந்தயத் தடத்தின் சுற்று எத்தனை மீட்டர் என்பது முதற்கொண்டு அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று சொன்னாலும் பெரிய மிகையாகாது. இந்த இடத்தில் என் மனம் பலமுறை நின்றிருக்கிறது. தெரியாத பொறுப்பு தலையில் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? தெரிந்தவர் போல் நடிப்போம், குரலை உயர்த்துவோம், விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவோம். கோல்ம் செய்தது வேறு. அவர் மாணவர்களைப் பார்த்தார். அவர்கள் ஓடும்போது காலடி எப்படி விழுகிறது, தோள் எங்கே இறுகுகிறது, மூச்சு எப்போது தடுமாறுகிறது என்று பார்த்தார். அவர்களையே கேட்டார். எது கடினமாக இருந்தது, எது எளிதாக இருந்தது, நேற்று இரவு உறங்கினாயா என்று கேட்டார். அறிவியலை அவர் வெறுத்தவர் அல்லர். ஆனால் ஓடுகிறவனை அறிந்த பிறகே ஓட்டத்தை அறிய வேண்டும் என்பது அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வலியுறுத்தி வந்த கருத்து.

அவருடைய பயிற்சியைக் காண வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர் என்று சொல்லுவார்கள். மறைவான மந்திரம் ஒன்றைக் காணலாம் என்று வருகிறார்கள். காண்பதோ, இருபது முப்பது பேர் கூட்டமாக, பேசிக்கொண்டே ஓடும் மெதுவான காலை ஓட்டம். பிறகு உடலை நிமிர்த்தி, முழங்காலை உயர்த்தி, ஒரே தாளத்தில் அடி வைக்கும் எளிய பயிற்சிகள். இளம் வயதினரை நொறுங்கும்வரை ஓடவிடுவதில்லை. சிறிது மிச்சம் வைத்தே நிறுத்திவிடுவார். நன்றாக ஓட வேண்டுமானால் முதலில் மெல்ல ஓடக் கற்க வேண்டும் என்பதே முறை. மூத்தவரும் இளையவரும் கூடியே ஓடுவர். உலகப் பதக்கம் பெற்றவருக்குப் பின்னால் பதினைந்து வயதுப் பையன் ஓடுவான். அவன் கற்பது எதையும் எவரும் தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இனி, முன்பு சொல்வதாகச் சொன்னதைச் சொல்லுகிறேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வரும்வரை விளையாட்டுப் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். கோல்மைப் போலவே நானும் புவியியல் ஆசிரியன். எனக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். 1,500 மீட்டர் ஓடுவான்; ஓட்டத்தில் ஓர் அழகு இருந்தது. மாவட்டப் போட்டிக்கு மூன்று திங்கள் இருந்தன. நான் கடைக்குப் போய் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். நாள்தோறும் மாலையில் அவனை ஓடவிட்டு நேரத்தைக் குறித்தேன். நேற்றைவிட ஒரு விநாடி குறைந்தால் மகிழ்ந்தேன். கூடினால் மறுபடியும் ஓடச் சொன்னேன். ஒருநாள் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றான். சோம்பல் என்று எண்ணினேன். பிறகு அவன் திடலுக்கு வரவில்லை. போட்டிக்கும் வரவில்லை. என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வகுப்பில் வணக்கம் சொல்வதையும் நிறுத்தவில்லை. அவனுடைய நண்பன் ஒருவன்தான் நெடுநாள் கழித்துச் சொன்னான்: "சார் கடிகாரத்தையே பார்க்கிறார், என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று அவன் சொன்னான், சார்."

அதன் பிறகுதான் நான் இட்டெனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் இறுதிப் போட்டியை எண்ணிப் பாருங்கள். உலகச் சாதனையைத் தம் பெயரில் வைத்திருந்த மொராக்கோவின் சயீத் அவ்வீத்தா காயத்தால் விலகிவிட்டார். எஞ்சியவர்களில் இங்கிலாந்தின் ஸ்டீவ் கிராம் இருந்தார்; மைல் ஓட்டத்தின் உலகச் சாதனையாளர், 1983-இன் உலகச் சாம்பியன். அவருடைய நாட்டவரான பீட்டர் எலியட் இருந்தார். இவர்களிடையே பீட்டர் ரோனோ என்னும் 21 வயது இளைஞர். புனித பேட்ரிக் பள்ளியின் பழைய மாணவர். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஒரு சிறு கத்தோலிக்கக் கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்தவர். அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. அவரோ பிந்தி நின்று கடைசியில் பாய்வோம் என்று காத்திராமல் முன்னணியைக் கைப்பற்றினார். கைப்பற்றியதை விடவே இல்லை. இறுதி நேர்கோட்டில் மூவரும் அவரை எட்டிப் பிடிக்க வந்தார்கள், எட்டவில்லை. நேரம் 3 நிமிடம் 35.96 விநாடி. முதலாமவருக்கும், நான்காவதாக வந்த கிராமுக்கும் இடையே இருந்த வேற்றுமை ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த ஓட்டத்தில் என்னைக் கவர்வது வெற்றி அன்று. ரோனோ அதற்குப் பிறகு ஒலிம்பிக்கிலோ உலகச் சாம்பியன் போட்டியிலோ பதக்கம் பெறவில்லை. ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாள் மட்டுமே, அவருடையது. கல்லூரிப் படிப்பை முடித்தார். வேலை செய்து வாழ்ந்தார். பந்தயத்தில் வென்றவன் வாழ்நாள் முழுதும் வென்றுகொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உலகத்தில், அவர் அமைதியாக இருந்தது எனக்கு வியப்பைத் தருகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இப்ராகிம் உசேன் 1987-இல் நியூயார்க் மாரத்தானை வென்றார். அப்போட்டியை வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். அடுத்த ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் தான்சானியாவின் ஜூமா இகாங்காவை ஒரே ஒரு விநாடியில் வென்றார். 42 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு ஒரு விநாடி! 1991-இலும் 1992-இலும் பாஸ்டன் மீண்டும் அவருடையதாயிற்று. 1992-இல் பார்சிலோனாவில், தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் மாத்யூ பிரிர் தங்கம் வென்றார். வெள்ளியும் வெண்கலமும்கூடக் கென்யருக்கே.

800 மீட்டரின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1981-இல் இங்கிலாந்தின் செபாஸ்டியன் கோ 1 நிமிடம் 41.73 விநாடியில் ஓடி வைத்த சாதனை பதினாறு ஆண்டு அசையாமல் நின்றது. அதை 1997 ஜூலையில் சமன் செய்து, ஆகஸ்டில் இருமுறை முறியடித்தவர் வில்சன் கிப்கெட்டர். இவரும் புனித பேட்ரிக் மாணவரே. 1990-இல் படிப்பதற்காக டென்மார்க் சென்று அந்நாட்டிலேயே தங்கிவிட்டார். 1995, 1997, 1999 ஆகிய மூன்று உலகச் சாம்பியன் பட்டங்களும் டென்மார்க்கின் பெயரில் அவர் பெற்றவை. ஆயினும் 1996 ஒலிம்பிக்கில் அவரால் ஓட முடியவில்லை. டென்மார்க்கின் குடியுரிமை முறையாக இன்னும் கைவரவில்லை. உலகிலேயே வேகமான 800 மீட்டர் ஓட்டக்காரர், ஒரு காகிதம் இல்லாததால் வெளியே நின்றார். ஒலிம்பிக் தங்கம் அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. 2000-இல் வெள்ளி, 2004-இல் வெண்கலம். பாய்டையும் இவரையும் சேர்த்து எண்ணினால், அம்மரங்களின் நிழலில் வருத்தமும் சிறிது கலந்தே இருக்கிறது.

கிப்கெட்டரின் 1 நிமிடம் 41.11 விநாடியை 2010 ஆகஸ்டில் முறியடித்தவர் டேவிட் ருடிஷா. மாசாய் குலத்தவர், அவருடைய தந்தை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றவர். ருடிஷா பயின்றது அப்பகுதியிலேயே உள்ள வேறொரு பள்ளி. ஆயினும் அவரைப் பழக்கியவர் கோல்மே. 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த நெடிய இளைஞரை 800 மீட்டருக்குத் திருப்பியவரும் அவரே. 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் ருடிஷா தொடக்கம் முதலே முன்னால் ஓடினார். வேகத்தை இழுத்துச் செல்ல வேறு ஆள் கிடையாது. 1 நிமிடம் 40.91 விநாடி. அன்று எட்டாவதாக, அதாவது கடைசியாக, வந்தவரின் நேரம் 1 நிமிடம் 43.77 விநாடி, அதற்கு முந்திய மூன்று ஒலிம்பிக்குகளில் அதே நேரத்தில் ஓடியிருந்தால் தங்கம் கிடைத்திருக்கும். ஒருவருடைய ஓட்டம் ஏனைய எழுவரையும் இழுத்துச் சென்றுவிட்டது. பல்லாண்டுகளாக 800 மீட்டர் உலகச் சாதனை ஒரே ஆசிரியரின் கைப்பட்ட இருவரிடையே மட்டும் கைமாறியது என்பதைக் கருதினால், அவரைப் புவியியல் ஆசிரியர் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது.

இவ்வளவும் எப்படி நேர்ந்தது? புவியியல் மாணவர்கள் உடனே கை தூக்குவார்கள்: "உயரம், சார்!" உண்மைதான். 2,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவு. குறைவை ஈடுசெய்ய உடல் இரத்தத்தில் சிவப்பு அணுக்களைப் பெருக்குகிறது. அவ்வுடல் தாழ்நிலத்துக்கு வந்து ஓடும்போது அப்பெருக்கம் உதவுகிறது. மெலிந்த, நீண்ட கால்கள் ஒரு காரணம் என்பர். மக்காச்சோளக் களியும் பாலுமான உணவு என்பர். சிறுவயதில் பள்ளிக்கு ஓடியே போய் வருவது என்பர். ஆனால் விடுதிப் பள்ளியில் படுக்கைக்கும் வகுப்புக்கும் இடையே எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஒரு மாரத்தான் பரிசு ஒரு குடும்பத்துக்கு நிலம் வாங்கித் தரும் என்பதும் பெரிய காரணம். இவற்றுள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உயரம் மட்டும் போதுமென்றால் உதகையும் கொடைக்கானலும் என்ன குற்றம் செய்தன? நேபாளமும் பொலிவியாவும் ஏன் ஒலிம்பிக் ஓட்டங்களை வெல்லவில்லை? உயரம் இட்டெனில் என்றும் இருந்தது. அதே உயரத்தில் ஒரு பள்ளி வந்து, விடுதி வந்து, நாள் தவறாமல் திடலுக்கு வந்து நிற்கும் ஓர் ஆசிரியர் வந்த பிறகே உயரம் பேசத் தொடங்கியது.

புனித பேட்ரிக் ஆண்கள் பள்ளி. ஆனால் கோல்ம் 1989 முதல் விடுமுறைக் காலங்களில் பயிற்சி முகாம்கள் நடத்தலானார். அவற்றில் பெண்களும் சேர்ந்தனர். அக்காலத்தில் பெண்பிள்ளை ஓடுவதைக் கிராமத்துப் பெரியவர்கள் விரும்பவில்லை. திருமணத்துக்கு ஆகாது என்பர். தொடை தெரிய ஓடலாமா என்பர். இத்தகைய பேச்சு நமக்கும் புதிது அன்று. அவரிடம் பயின்ற சூசன் சிர்மா 1991-இல் டோக்கியோவில் 3,000 மீட்டரில் வெண்கலம் பெற்றார். உலகச் சாம்பியன் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் கென்யப் பெண் அவரே. அதே ஆண்டில் லிடியா செரோமெய் என்னும் சிறுமி பதின்மூன்று வயதில் இளையோருக்கான உலகக் காடுமேடு ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். அதன் பிறகு பெரியவர்களின் பேச்சு மெல்லக் குறைந்தது.

புகழுடன் வேறு சிலவும் இட்டெனுக்கு வந்தன. வெளிநாட்டு முகவர்கள் வந்தார்கள்; படிப்பு முடியாத பிள்ளைகளைப் பந்தயங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். ஊக்கமருந்து வந்தது. இரத்தத்தில் சிவப்பு அணுக்களைப் பெருக்க உயரமும் ஆண்டுகளும் செய்வதை ஓர் ஊசி சில வாரங்களில் செய்துவிடும். கென்ய ஓட்டக்காரர்கள் பலர் பிடிபட்டுத் தடை பெற்றனர். 2016-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் கென்ய நாட்டையே சில மாதங்கள் விதிகளுக்கு ஒவ்வாத நாடு என்று அறிவித்தது. தவறியவர்களை நான் கடிந்துரைக்க முற்படவில்லை. ஒரு விநாடியில் ஒரு குடும்பத்தின் வறுமை நீங்கலாம் என்ற இடத்தில், அந்த விநாடியைத் திருடத் தோன்றுவது இயல்பு. விநாடியை மட்டுமே பார்த்த குற்றம் எனக்கும் உண்டு.

இன்னொன்று. ஆண்டுதோறும் அப்பள்ளியில் சேரும் மாணவர்களில் உலகப் பந்தயத்துக்குச் செல்பவர் எத்தனை பேர்? மிகமிகச் சிலர். மற்றவர்கள் ஆசிரியர்களாகவும் உழவர்களாகவும் அலுவலர்களாகவும் கடைக்காரர்களாகவும் போகிறார்கள். அவர்களும் அதே செம்மண் பாதையில், அதே குளிர்காலையில், அதே கூட்டத்தில் ஓடியவர்களே. அவர்கள் பெயரில் மரம் இல்லை. சாம்பியன் ஒருவன் பழகுவதற்குப் பக்கத்தில் ஓட இருபது பேர் வேண்டும். அந்த இருபதின்மர் இல்லாமல் ரோனோவும் இல்லை, கிப்கெட்டரும் இல்லை. பெயர்ப்பலகை வைக்க வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது.

என் பழைய மாணவனைச் சென்ற ஆண்டு ஒரு பேருந்து நிலையத்தில் கண்டேன். தலையில் நரை தெரிந்தது. சரக்கு வண்டி ஓட்டுவதாகச் சொன்னான். நலம் விசாரித்தேன், பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். போகும் முன் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "இப்போதும் எப்போதாவது ஓடுவது உண்டா, தம்பி?" என்றேன்.

"இல்லை, சார்" என்றான்.

அந்த மூன்று திங்களில் நான் செய்தது தவறு என்று சொன்னேன். அவன் என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, என் பேருந்து எந்த இடத்தில் நிற்கும் என்று நடத்துநரிடம் கேட்கப் போனான்.